மரத்தடிப் பந்தி

மண்ணூரில் தாவீது லேத்துப் பட்டறை திறந்த அன்று, போதகர் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பியதும் தாவீதின் மனைவி ஞானம்மா ஒன்று சொன்னாள். "கர்த்தர் பேரைச் சொல்லித் தொறந்திருக்கோம். இங்க வேலை செய்றவங்க யாரும் மத்தியானம் பசியோட நிக்கக் கூடாது." அன்று முதல் ஆறு ஆட்களுக்கும் அவள் கையால்தான் சோறு. தாவீது நின்றபடி ஜெபம் சொல்லுவார். பிறகு வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுவார்.

ஐந்து வருஷம் அப்படியே போயிற்று. எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம், ஏரித் தண்ணீர் தன் வயலுக்குத் திரும்பும் முறை வந்ததும், ஆறு பேரில் ஒருவனான பாண்டுரங்கன் யாரிடமும் சொல்லாமல் ஓடிவிட்டான். ஓடவிட்டுப் போன லேத்தில் உளி உடைந்து, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த முனிரத்தினத்தின் காதை உரசிக்கொண்டு பறந்தது. தாவீது வந்த கோபத்தில், திரும்பி வந்தவனை வாய்க்கு வந்தபடி ஏசி, "இனிமே இந்தப் பக்கமே வராதே" என்று விரட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் ஆறு பேரும் வேலையைத் தொடாமல், பாண்டுரங்கனைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி வாசலில் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். காது தப்பிய முனிரத்தினமும் அவர்களோடுதான் இருந்தான்.

மத்தியானம் ஞானம்மா சோற்றுக் குண்டானோடு கிளம்புவதைப் பார்த்ததும் தாவீதுக்கு ஆத்திரம் பொங்கியது.

"இன்னாடி பண்றே? என்னை எதிர்த்துகினு குந்திகினு கீறாங்க. அவங்களுக்கே சோறா?"

"நம்மகிட்ட கோவிச்சிகினா அவங்களுக்குப் பசிக்காதா? நம்ம ஜெபம் பட்டறை ஓடுற நாளைக்கு மட்டும்தானா?" என்றாள். அவள் குரலில் சண்டையே இல்லை. "குழம்பு வாளி கனமா கீது. கொஞ்சம் புடிங்களேன்."

வேறு வழியில்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். இலை போடும்போது பாண்டுரங்கன் மட்டும் எழுந்து நின்றான்.

"எனக்கும் உண்டா, மொதலாளி?"

தாவீது அவனைப் பார்த்தார். சேற்றுக்கறை போகாத காலும் தூங்காத கண்ணுமாக நின்றான்.

"குந்துப்பா. உன்னை விட்டுட்டு எப்படி ஜெபம் பண்றது?"

கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். "எங்களை மன்னியும்" என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணைத் திறந்து பாண்டுரங்கனைப் பார்த்தார். ஞானம்மாதான் ஆமென் சொல்லி முடித்தாள்.

"நேத்து பேசினது தப்பு, பாண்டு. அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நானும் மிசினை நிறுத்திட்டுப் போயிருக்கணும், மொதலாளி. முனிரத்தினம் காதைப் பார்த்ததுல இருந்து தூக்கமே இல்ல."

"என் காது நல்லாத்தான் கீது. சோறு ஆறுது, துன்னுங்கப்பா" என்றான் முனிரத்தினம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தண்ணீர் முறை வந்தால் பாண்டுரங்கன் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அவன் மிஷினை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாப்பிட்டபடியே பேசி முடித்தார்கள். தாவீது அவர்களோடு தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினார். குண்டான் காலியாகிவிட்டதால், ஞானம்மா வீட்டுக்குப் போய்த் தனக்கென்று மறுபடி உலை வைத்தாள்.