டின்னுக்கும் ஒரு சத்தியம்

சோலையம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருசம். அந்தப் பதினொரு வருசமும், புருசன் கூத்தையா வெளியே போய்விட்டு வாசல்படி ஏறினால், "ஊதுங்க" என்பாள். அவனும் அவள் மூக்குக்கு நேரே ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் உள்ளே வருவான். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. அடுத்த வீட்டுக்காரர்கள் பார்க்கவே நடக்கும்.

அவளைப் பெற்ற அய்யா சாராயம் குடித்தே வயிறு வீங்கி, நாற்பது வயது முடியுமுன்னே போய்ச் சேர்ந்தவர். தலைமாட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் அவள். அதனால் ஊரார் கேலி அவளுக்கு உறைக்காது. "கூத்தையா வீட்டுக்குப் போலீஸ் நாயே வேண்டாமப்பா" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், என் புருசன் உயிரோடு இருந்தால் சரி என்று இவள் பாட்டுக்குத் தண்ணீர்க் குடத்தோடு அவர்களைக் கடந்து போவாள்.

அந்த மூக்கு இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் முதல்முறையாகக் குழம்பியது. கூத்தையா வாயில் சாராய நாற்றம் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்து மாதிரி ஒரு தித்திப்பு வாசனை.

"என்ன குடிச்சீக?"

"வயக்காட்டுல என்னத்தக் குடிக்க? மோருதான்."

மோர் எப்போது தித்தித்தது? சோலையம்மாள் அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கூத்தையாவுக்கு வேலை, பொன்னுச்சாமியின் அறுப்பு மிஷினை ஓட்டுவது. பொன்னுச்சாமி உப்பூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர். அந்த வட்டாரத்தில் சொந்தமாக மிஷின் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த வருசம் கார்த்திகையில் பேய்மழை. வயல்களில் தண்ணீர் வடியாமல் கதிர் சாய்ந்து கிடக்க, தை பிறந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அறுப்பு அவசரம் வந்துவிட்டது. மிஷினுக்கு இரண்டு டிரைவர்கள். ஒருத்தன் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. அவன் பங்கையும் சேர்த்துக் கூத்தையாவே இராப்பகலாக ஓட்டினான்.

முதல் வாரம் களைத்துப்போய் வந்தான். அதில் சோலையம்மாளுக்கு ஆச்சரியமில்லை. இரண்டாம் வாரம் களைப்பே இல்லாமல் வந்தான் பாருங்கள், அதுதான் அவளுக்குச் சந்தேகம். கண் இரண்டும் கோவைப்பழம். பேச்சு, மிஷினையே விழுங்கிவிட்டு வந்தவன் மாதிரி ஓயாத கடகடப்பு. படுத்தால் தூக்கமில்லை, ஒரு கால் தன்னால் ஆடிக்கொண்டே இருக்கும். கஞ்சிக் கும்பாவைக் கையில் கொடுத்தால் விரல் நடுங்கிக் கஞ்சி வேட்டியில் சிந்தும். பாதிக் கஞ்சியோடு "பசிக்கல" என்று எழுந்துவிடுவான். அய்யாவின் கையும் இப்படித்தான் நடுங்கியது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் தூக்குவாளியோடு வயலுக்குப் போனாள். மிஷின் வரப்போரம் நின்றது. கூத்தையா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் திரும்புமுன் இவள் கண் வைக்கோலுக்குள் போய்விட்டது. ஒல்லி ஒல்லியாக ஏழு தகர டின்கள், எல்லாம் காலி. மேலே இங்கிலீஷ் எழுத்து, பாய்கிற குதிரைப் படம். ஒன்றை எடுத்து மோந்தாள். அதே இருமல் மருந்து. முந்திக்குள் மறைத்துக்கொண்டு, கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் தம்பி ராமநாதபுரத்தில் மதுக்கடைப் பக்கம் சுண்டல் விற்கிறவன். அந்த வகையில் அவளுக்கு விவரம் அதிகம்.

"ஏடி சோலை, டின்னுல வாரது பீருதான்டி. வாடை தெரியாத பீரு இப்ப வந்திருக்காம். ஓம் மூக்குக்குன்னே செஞ்சிருக்கானுக."

சோலையம்மாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பதினொரு வருசம் மோந்து மோந்து கடைசியில் மூக்கையே ஏமாற்றிவிட்டானே என்று ஆத்திரம். ஆத்திரத்துக்கு அடியில் பயம்.

அன்று சாயங்காலம் வாசலில் ஊதச் சொல்லவில்லை. டின்னை நடு வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். கூத்தையா பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தான்.

"அது தண்ணியில்ல சோலை. சத்து டானிக்கு. தூக்கம் வராம வேலை ஓடும்னு பொன்னுச்சாமி அண்ணன் தொண்டியில வாங்கியாந்து தாராரு. வெளிநாட்டுல எல்லாரும் குடிக்கிறதாம்."

"டானிக்குன்னா ஏன் ஒளிச்சுக் குடிக்கணும்?"

"டின்னப் பாத்தா நீ பீருன்னுதான் சொல்லுவ. நான் எத்தன தடவ ஊதிக் காட்ட?"

"ஊத வேண்டாம். முனியய்யா கோயிலுக்கு வந்து சூடம் அணைங்க."

அந்தப் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சில்லை. சாமிக்கு முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பஞ்சாயத்தே எழுந்து போய்விடும். பொய்யாக அணைத்தவனைச் சாமி அவன் சொன்னபடியே தண்டித்துக் கேட்கும். மறுநாள் விடியலில் பூசாரி மூக்கையா சூடம் ஏற்ற, கூத்தையா கையை ஓங்கினான்.

"தண்ணியக் கையால தொட்டிருந்தா என் நெஞ்சு அடைக்கட்டும்!"

படீரென்று அடித்தான். சூடம் அணைந்தது. அந்த நிமிசமே சோலையம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. உண்மைக்காரனைப் போய்ச் சந்தியில் நிறுத்திவிட்டோமே என்று வெட்கப்பட்டாள். பூசாரி கொடுத்த மீதிச் சூடத்தை முந்தியில் முடிந்துகொண்டு, சிவந்திருந்த அவன் உள்ளங்கையை வழி நெடுக ஊதிக்கொண்டே வந்தாள்.

விசயம் கேள்விப்பட்டுப் பொன்னுச்சாமியே ஒரு பெட்டி டின்னோடு வீட்டுக்கு வந்தார்.

"இனி ஒளிக்க வேணாம் தாயி. நீயே கஞ்சியோட குடுத்து விடு. இன்னும் பத்து நாள் அறுப்புத்தான். அவன் தெம்பா இருந்தாத்தான் ஆகும்."

வந்தவருக்குக் காப்பி போடப் பாலில்லை. சோலையம்மாள் ஒரு டின்னை எடுத்து நீட்டினாள்.

"நீங்களும் ஒண்ணு குடிங்கண்ணே."

பொன்னுச்சாமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எனக்கு வேண்டாம் தாயி. பிரஷரு இருக்கு. ஒருவாட்டி குடிச்சேன், நெஞ்சு படபடன்னு வந்திருச்சு. டாக்டரு தொடவே கூடாதுன்னுட்டாரு."

நெருஞ்சி முள் மாதிரி சுருக்கென்று ஒன்று தைத்தது. இவருக்குப் படபடக்கிறது என் புருசனுக்கு மட்டும் எப்படிச் சத்தாகும்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேற்றுத்தான் ஒருவனைச் சந்தேகப்பட்டுச் சாமி வரைக்கும் இழுத்திருக்கிறாள், இன்றைக்கு இன்னொருவரா? வெட்கம் அவள் வாயை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து வேளைக்கு இரண்டு டின் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்து அவள் கையாலேயே அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கூத்தையாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். வரப்பில் இறங்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். முகம் வெளுத்து வேர்வையில் குளித்திருந்தான். சோலையம்மாள் பதறிப்போய், தெம்பு வரட்டும் என்று ஒரு டின்னை உடைத்து, தலையை மடியில் வைத்து, மடக்கு மடக்காக ஊட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் நெஞ்சு துள்ள ஆரம்பித்தது. சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இரண்டு அடி அடிக்கும், ஒன்றை விடும், அப்புறம் மூன்றை ஒரே மூச்சில் அடிக்கும்.

"நெஞ்சு... நெஞ்ச அடைக்குது சோலை."

கூடியிருந்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அவன் சத்தியத்தில் சொன்ன அதே வார்த்தை. பிச்சையம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் சொன்னேன்ல? முனியய்யா கேட்டுட்டாருடி."

ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்கு என்று எவனும் சொல்லவில்லை. பொய்ச் சத்தியத்தை அவிழ்க்காமல் டாக்டரிடம் போனால் ஊசி ஏறாது என்றார் மூக்கையா. குற்றத்தை ஒத்துக்கொண்டு, மஞ்சள் தண்ணீரில் கையைக் கழுவினால் சாமி விட்டுவிடுமாம்.

"ஒத்துக்கப்பா. குடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"குடிக்கல பூசாரி... அது டானிக்கு."

"சாமி என்ன இங்கிலீஷா படிச்சிருக்கு? டின்னுல இருந்தா அதுக்கு எல்லாம் தண்ணிதான்."

சோலையம்மாளும் கெஞ்சினாள். "ஒத்துக்கங்களேன். நான் கோவிக்க மாட்டேன். உசிரு இருந்தாப் போதும்."

அவன் அவளைப் பார்த்தான். மூச்சு வாங்கியது. "நீயுமா?" என்றான்.

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. குனிந்து, பதினொரு வருசப் பழக்கத்தில், அவன் வாயை மோந்தாள். சாராயமில்லை. எந்த நாளும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் அந்த இருமல் மருந்து வாசனை, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு முன் இவளே ஊற்றியது. ஊற்றிய பிறகுதானே நெஞ்சு துள்ளியது? பொன்னுச்சாமி கையை இழுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. நெஞ்சு படபடன்னு வந்திருச்சு. டாக்டரு தொடவே கூடாதுன்னுட்டாரு.

"தூக்குங்க இவர!" என்று கத்தினாள். "சாமி காத்திருக்கும், இவரு காத்திருக்க மாட்டாரு. ஏலே, யாராவது ஆட்டோ புடிங்கலே!"

ஆர்.எஸ்.மங்கலம் ஆஸ்பத்திரியில் முதலில் வந்தது காலிதா என்ற நர்ஸ். நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "தண்ணி போடுவாகளா?"

"இல்ல."

"மறைக்காமச் சொல்லுங்கக்கா. மருந்து மாறிப் போயிரும்."

"தண்ணி இல்லம்மா. இது." அவனுக்கு ஊட்டிவிட்டு மடியில் செருகியிருந்த காலி டின்னைச் சோலையம்மாள் எடுத்து மேசையில் வைத்தாள்.

காலிதாவுக்கு அந்தக் குதிரைப் படம் தெரிந்திருந்தது. "யா அல்லா, இதுவா? சவுதியில இருந்து எங்க அண்ணன் கொண்டாரும். ஒண்ணு குடிச்சதுக்கே அண்ணனுக்கு ராத்திரி பூராவும் தூக்கம் வரல. நாளைக்கு எத்தன குடிச்சாரு?"

"ஆறு. ஏழு."

காலிதா அதற்குமேல் கேட்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். வயர்களை ஒட்டி, குளுக்கோஸ் ஏற்றி, நெஞ்சு ஒரு கணக்குக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. டாக்டர் அப்புறம்தான் அவளிடம் பேசினார். காப்பியில் தூக்கத்தை விரட்டுகிற சரக்கு ஒன்று இருக்கிறது, அதைத்தான் இதில் சர்க்கரையோடு கொட்டி வைத்திருக்கிறான். இது களைப்பைப் போக்காது, களைப்பை மறைத்துவிடும். சோறு தண்ணி தூக்கம் இல்லாத உடம்பில் இவ்வளவு போனால் நெஞ்சு தாளம் தப்பிவிடும். "கடைசியா ஒண்ணு குடுத்திருக்கீங்க, அதுதான் தள்ளிவிட்டிருக்கு. யாரு குடுத்தது?"

"நான்தான்யா" என்றாள். சொல்லும்போதே அழுகை வெடித்தது. அய்யாவுக்குக் கூட அவள் அப்படி அழுததில்லை.

மறுநாள் காலை பொன்னுச்சாமி வந்தார். கையில் ஒரு பை. ஆரஞ்சுப்பழம், ரொட்டி, அதற்கடியில் இரண்டு டின்.

"ஏலே கூத்தையா, பயமுறுத்திட்டியேப்பா. நாலு நாள்ல எந்திரிச்சிரு. இன்னும் முப்பது ஏக்கர் கிடக்கு."

சோலையம்மாள் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். முந்தியை அவிழ்த்து, அன்றைக்கு மீந்த சூடத்தை அதன் தலையில் வைத்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. இது நெஞ்சுக்கு ஆகாதுன்னு தெரியாமத்தான் எம் புருசனுக்குக் குடுத்தேன்னு சொல்லி, சூடத்த அணைங்க. உங்க காலுல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"ஆஸ்பத்திரியில போயி சூடமா? என்ன தாயி..."

"கொளுத்த வேணாம். சும்மா கைய மட்டும் வைங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துத் தட்டோடு வந்த காலிதாவும் நின்றுவிட்டாள். பொன்னுச்சாமி அந்தச் சின்ன வெள்ளைக் கட்டியையே பார்த்தார். கை பையை விட்டு எழவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வயல்ல ஆளு காத்திருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டான் கூத்தையா. அவர் திரும்பினார். தலையணைக்கு அடியில் துழாவி மிஷின் சாவியை எடுத்து நீட்டினான்.

"இதையும் கொண்டு போங்க."