அடுப்பு முள்ளைப் பத்துப் பேர் பார்த்த கதை

1993இல் பாயான் பாருவுக்குப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் நான் மெயின்டனன்ஸ். சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் உருக்கும் அடுப்பு எங்களுடையது. ரயில் பெட்டியைவிட நீளம். சரி, பாதிப் பெட்டி. அதன் உச்சியில் சூடு காட்டும் முள். மணிக்கொரு தடவை கை ஒழிந்தவர் யாரோ பார்த்து நோட்டில் எழுதுவோம்.

அந்த மாதம் பலகைகள் லாரி லாரியாகக் கெட்டன. மேனேஜர் பஷீர் நோட்டுச் சூட்டையும் பழுதையும் கிராப்பில் போட்டார். கோடு பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது.

“சூட்டுக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்ல. அடுப்புல பலகை ஏத்துற ருக்குமணி கைதான் கோளாறு. வெள்ளிக்கிழமை நிப்பாட்டுற லெட்டர்.”

“பதினோரு வருஷ கெர்ஜா அண்ணே, இதே வேலை!” என்று என்னிடம் வந்து நின்றாள் ருக்குமணி. முகம் வெளுத்திருந்தது.

புது இன்ஜினியர் அருந்ததி அடுப்பை ஒரே சூட்டில் நிறுத்தி, பத்துப் பேரைக் கூப்பிட்டாள். முள் தகட்டிலிருந்து விரலளவு தள்ளி நின்றது. குள்ளமான சலேஹா கீழிருந்து பார்த்து 240 என்றாள். உயரமான நான் மேலிருந்து, 226. பத்துப் பேர், பத்துச் சூடு!

அருந்ததி பஷீரிடம் போனாள். “பாஸ், நோட்டுல இருக்கிறது அடுப்போட சூடு இல்ல, ஆளாளுக்குப் பார்த்த சூடு. அந்தப் பிழையில புள்ளியெல்லாம் பக்கவாட்டுல சிதறும், கோடு படுத்துடும்.”

பேய்ஸ் என்ற புள்ளியியல் முறையில் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு சூட்டையும் ஒரே எண்ணாக நம்பாமல், இந்த எல்லைக்குள் எங்கோ இருக்கும் என்று வைத்து, பத்துப் பேரின் வித்தியாசத்தையும், அடுப்பு வழக்கமாக எப்படி எரியும் என்று முன்பே தெரிந்ததையும் சேர்த்தாள். கம்ப்யூட்டர் மூன்று நாள் முக்கியது. அதன் முதுகில் நான் முட்டை அவித்தேன்.

வியாழன் மத்தியானம் கோடு எழுந்தது! சூடு ஏற ஏற, பழுது கொடிமலைச் சரிவில் வரும் ரயில்போல் இறங்கியது. சந்தேகத்துக்கு இடம் விட்டு மேலும் கீழும் போட்ட ஓரக்கோடுகள்கூடப் படுக்கவில்லை. அடுப்பைப் பிரித்தோம், ஒரு சூட்டுக்கம்பி விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்போதெல்லாம் சூடு இறங்கிப் பலகை கெட்டிருக்கிறது.

பஷீர் லெட்டரைக் கிழித்தார்.

“அண்ணே, உங்க கண்ணு ஏன் அவ்ளோ கம்மியா காட்டுச்சு?” ருக்குமணிக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது.

“ஆறடி நாலங்குலம்மா நான்!”

“போன வாரம் நீங்க சொன்னது ஆறடி ரெண்டுதான் லா! மிஸ், பத்துப் பேரைக் கூப்பிடுங்க, அண்ணனை அளப்போம்.”

அளந்தார்கள். அந்த விடையை மட்டும் நான் எழுதப்போவதில்லை.