முதுகு இல்லாத அம்மா

ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் போனிலிருந்து என் அம்மா பேசினாள்.

“காலு பாத்து வெச்சிப் போ சாமி.”

அடுத்த நொடி, யாரோ பாதாளத்துக்குள் விழுகிற மாதிரி காற்றுச் சத்தம். அந்தப் பெண்ணும் பக்கத்திலிருந்த தோழியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். “இன்னொரு வாட்டி போடுடி” என்றாள் தோழி. இன்னொரு வாட்டி போட்டாள். அம்மா இன்னொரு வாட்டி சொன்னாள். அம்மா இறந்து ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. வேங்கிக்கால் வரைக்கும் போக வேண்டிய நான் பாதியிலேயே இறங்கி வெயிலில் நடந்தேன். அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். இரண்டு பேரையும் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது.

இது என் தம்பி வளவன் இழுத்துவிட்ட வினை. வினை என்று நான் சொல்கிறேன். அவன் கேம் என்பான். சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை அவனுக்கு. அம்மா போனதும் அதை உதறிவிட்டு எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கே வந்து, கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டவன் விட்டவன்தான். வீடியோ கேம் என்றாலே எனக்கு ஆகாது. எங்கள் தெருப் பையன்கள் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணில் படுகிறவனையெல்லாம் சுட்டுத் தள்ளுவார்கள். சோறு இறங்காது, கூப்பிட்டால் காது கேட்காது. இந்தக் கண்றாவிக்கா படித்த படிப்பைப் பாழாக்கினாய் என்று வளவனைக் கேட்டேன்.

“இது சுடறது இல்லக்கா. நடக்கறது” என்றான்.

நிஜமாகவே நடப்பதுதான். விளையாட்டின் பெயர் ‘வலம்’. ஆடுகிறவர் திரைக்குள்ளே பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். எதிரி கிடையாது, புள்ளி கிடையாது, ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. வலது பக்கம் மலை கூடவே வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு மாதிரி தெரியும். அடி அண்ணாமலை வந்ததும் புளியமரத்தடியில் மோர்ப் பானையோடு எங்கள் அம்மா எல்லம்மாள் உட்கார்ந்திருப்பாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிஜத்தில் அவள் உட்கார்ந்திருந்த அதே இடம். குரலும் அவளுடையதுதான், உயிரோடு இருந்தபோது வளவன் போனில் பதிந்து வைத்திருந்தான். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அவள் என்னை “சாமி” என்று கூப்பிட்டபோது நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவனைத் திட்டவில்லை.

அவனுடைய ஆசை ஒன்றுதான். அம்மாவைப் பார்த்தே இராத ஜனங்களும் அம்மா கையால் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போக வேண்டும். “அம்மா இருந்திச்சின்னு நாலு பேருக்குத் தெரியணும்க்கா” என்பான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

வெளியிடுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் கொடுத்து ஆடவிட்டான். பால் சொசைட்டி அருள்ராஜ் ஆடினான், பக்கத்து வீட்டு எழில் ஆடினாள், நானும் ஆடினேன். எல்லோரும் மலையை வலது பக்கம் வைத்து, மலையையே பார்த்துக்கொண்டு, நேராக நடந்தோம். அருள்ராஜின் மாமியார் ஒவ்வொரு லிங்கம் வரும்போதும் போனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. கிரிவலத்தில் எவன் எதிர்ப்பக்கமாகப் போவான்? பிறந்ததிலிருந்து ஒரே திசையில் பழகிய கால்கள் எங்களுடையவை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டோம்.

யாரும் திரும்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வளவன் ஒரு காரியம் செய்திருந்தான். மலிவான போனிலும் சூடாகாமல் ஓட வேண்டும் என்று, நடந்து கடந்த ரோட்டை முதுகுக்குப் பின்னாலேயே அழித்துக்கொண்டு வருகிற மாதிரி எழுதியிருந்தான். முன்னால் தெரிவதை மட்டும் கட்டினான். அம்மாவையும் அப்படித்தான் கட்டினான். முகம், மார்பு, மடி, மோர் ஊற்றும் கை, எல்லாம் உண்டு. பின்பக்கம் கிடையாது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

பார்த்தவன் சுதீர். வேங்கிக்காலில் குடியிருக்கும் நயினார் வீட்டுப் பையன், தமிழ்ச் சமணக் குடும்பம், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். யூடியூபில் வீடியோ கேம்களுக்கு நிறை குறை சொல்கிறான். அவன் நல்லது என்றால் ஊர் உலகமெல்லாம் ஆடுமாம், சொத்தை என்றால் அன்றைக்கே பாடை கட்டிவிடுவார்களாம். நம்ம ஊர்க்காரன்தானே என்று வளவன் தானே தேடிப் போய்த் தன் கேமை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

சுதீரின் வீடியோவை நானும் வளவனும் சேர்ந்துதான் பார்த்தோம். முதல் பாதி முழுக்கப் பாராட்டு. “வெறுங்காலு தார் ரோட்ல பட்டா ஒரு சத்தம், மண்ணுல பட்டா ஒரு சத்தம். கோடி கோடியா கொட்டி எடுக்கற கேம்லகூட மலைன்னா பின்னாடி ஒரு படம் தொங்கும், அவ்ளோதான். இங்க மலை ஒரு ஆளு மாதிரி கூடவே வருது” என்றான். வளவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் ‘ஆனா’ வந்தது. ஆடுகிறவனுக்கு நடப்பதைத் தவிர வேறு எந்தச் சுதந்திரமும் இல்லை, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்றான். அதுகூடப் பரவாயில்லை. அம்மாவிடம் மோர் குடித்தான், நாலடி நடந்தான். “நல்லாயிருக்குதே, இன்னொரு டம்ளர் கேக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

ரோடு இல்லை. வெறும் நீலத்தில் புளியமரம் தொங்கியது. அதன் கீழே அம்மா, பின்பக்கமிருந்து, உள்ளே ஒன்றுமில்லாத ஓடாக இருந்தாள். கண்களின் உட்பக்கம் தெரிந்தது. பல் வரிசையின் உட்பக்கம் தெரிந்தது. சுதீர் “அய்யய்யோ” என்றான். ஒரு அடி வைத்தான், விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். மேலேயிருந்து அம்மாவின் குரல் காலைப் பார்த்து வைக்கச் சொன்னது.

அந்தத் துண்டை மட்டும் எவனோ வெட்டியெடுத்தான். ‘மோர்ப் பேய்’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள். அதற்கப்புறம் ‘வலம்’ ஆடியவர்களுக்குக் கணக்கே இல்லை. வளவன் ஆசைப்பட்டபடியே ஜனங்கள் அம்மாவைப் பார்த்தார்கள். யாரும் மலை பார்க்கவில்லை, யாரும் மோர் குடிக்கவில்லை. வந்தார்கள், திரும்பினார்கள், விழுந்தார்கள், சிரித்தார்கள்.

“மொத்தமா அழிச்சிடறேன்க்கா” என்றான் வளவன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்த அன்று, வேலை முடிந்ததும் நான் நேராகச் சுதீர் வீட்டுக்குப் போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுதீர் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டில் இருட்டிய பிறகு யாரும் வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. அவனுடைய அம்மா கனகலதா, நான் யாரென்றுகூடக் கேட்காமல், “மொதல்ல உக்காந்து சாப்பிடும்மா, பொழுது போய்டும்” என்று எனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டார். சண்டைக்குப் போன இடத்தில் சோற்றுக்கு முன்னால் உட்காருவது போல அவஸ்தை வேறில்லை.

“நான் வளவனோட அக்கா, மதிவதனி. எங்கம்மாவ ஊரே பேய்னு சிரிக்குது. உங்களுக்குத் திருப்தியா?” என்றேன்.

சுதீர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். “அத வெட்டிப் போட்டது நான் இல்லீங்க. எடுத்துடுங்கன்னு எல்லாருக்கும் எழுதினேன், யாரும் எடுக்கல. எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது. ஆனா நான் விழுந்தது நெசம். விழலன்னு எப்படிங்க சொல்றது?”

“கிரிவலத்துல எவனாவது திரும்புவானா?”

“நான் திரும்புவேன். எந்த கேமா இருந்தாலும் திரும்பிப் பாப்பேன். சினிமாவுல அவங்க காட்டற பக்கத்தத்தான் நாம பாக்க முடியும். கேம்ல நான் எங்க வேணா போய் நின்னு பாக்கலாம். அதோட பலமே அதுதான். நாலு பக்கமும் கட்டலன்னா மாட்டிக்குவாங்க. உங்க தம்பி அவருக்குப் பாக்கப் புடிச்ச பக்கத்த மட்டும் கட்டியிருக்காரு.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “எறும்ப மிதிக்காத வீடு உங்களுது. ஆள சுட்டுக் கொல்ற கேமுக்கெல்லாம் ஆகா ஓகோன்னு சொல்றீங்களே, அது மட்டும் யோக்கியமா?”

அவன் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “யோக்கியம்னு சொல்லலீங்க. அது வேற குறை, அதையும் நான் பேசறேன். ஆனா அந்த கேம்ல சாகறவனுக்குக்கூட முதுகு இருக்குது.”

தட்டைத் தள்ளி வைத்தேன். கனகலதாதான், “அவன் வாயி அப்படித்தான்மா, நீ மனசுல வெச்சிக்காத. அம்மாவுக்கு இன்னா ஆச்சி?” என்று கேட்டார். கிட்னி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய மரியாதைக்குறைவு என்று தெரிந்தும் என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சுதீர் சொன்னதை ஒன்று விடாமல் வளவனிடம் சொன்னேன். அவன் சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. “அம்மா பின்னாடி எப்படி இருக்கும்க்கா?” என்றான்.

“இன்னாடா கேள்வி இது?”

“எல்லா போட்டோவும் பாத்துட்டேன். எல்லாத்துலயும் முன்னாடி பாத்துதான் நிக்குது. எனக்கு ஞாபகமே வரல.”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்தவள் நான். சொன்னேன். ரவிக்கை வலது தோள்பட்டைக்குக் கீழே கிழிந்து, வேறு கலர் நூலில் தைத்திருக்கும். இடுப்புக்கு மேலே, புடவைக்குள், வலிக்கு ஒத்தடமாக வறுத்த உப்பைத் துணியில் கட்டிச் சொருகி வைத்திருப்பாள். சூடு பட்டுப் பட்டு அந்த இடத்துத் தோல் கருகிப்போயிருந்தது. ஆள் வருவது கொஞ்சம் நின்றால் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த மூட்டையை அழுத்திக்கொண்டு குனிந்துவிடுவாள்.

“நான் பாக்கவே இல்லியே” என்றான் வளவன்.

“நீ எப்படிப் பாப்ப? பஸ்ஸ விட்டு நீ எறங்கறது தெரிஞ்சாலே மூட்டைய உருவி பானைக்குப் பின்னாடி போட்டுடும். முந்தானைய இழுத்து விட்டுக்கும். ஒண்ணுமே இல்லாத மாதிரி உக்காந்துக்கும்.”

“நீயாவது சொல்லியிருக்கலாம்ல?”

அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. “சொன்னேன்டா! போன்ல எத்தன வாட்டி சொன்னேன். வெறும் முதுகு வலி இல்ல, நல்ல ஆஸ்பத்திரில காட்டணும், வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னேனா இல்லியா? ‘வேல ஜாஸ்தியா இருக்குதுக்கா, அடுத்த வாரம் வரேன்’னியே!”

சொன்ன சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வாங்கவில்லை. அவன் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் அம்மாவின் முதுகைக் கட்டினான். நடுநடுவே என்னைக் கேட்பான். எந்தக் கை, மூட்டையின் முடிச்சு எந்தப் பக்கம், குனியும்போது தலை எவ்வளவு இறங்கும். அவன் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். ஒருமுறை நானே குனிந்து, கையைப் பின்னால் வைத்துக் காட்டினேன். அவன் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். அவன் பின்னால் போய் நின்றதும் சத்தமே இல்லை. நான் திரும்பாமல் அப்படியே நின்றேன்.

ரோட்டையும் இனி அழியாமல் நிற்கிற மாதிரி மாற்றி, கேமைத் திரும்ப வெளியிட்டான். சுதீர் மறுபடி ஒரு வீடியோ போட்டான். நிறையும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. மோர் குடித்தான், நடந்தான், திரும்பினான். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீடியோவை முடித்துவிட்டான். அதற்கு வந்த கருத்துகளை நான் படித்தேன். ‘எதுக்கு ப்ரோ சரி பண்ணீங்க, விழறதுதான் செம ஜாலி’ என்பதற்குத்தான் ஏகப்பட்ட கைதட்டல். கொஞ்ச நாளில் எல்லோரும் வேறு எதற்கோ சிரிக்கப் போய்விட்டார்கள். ஆட்டோவில் இப்போது அம்மாவின் குரல் கேட்பதில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு எடுத்துவைத்துவிட்டு வளவனைக் கூப்பிட்டேன். காது கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தன் கேமைத் தானே ஆடிக்கொண்டிருக்கிறான்.

அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மோர் குடித்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். புளியமரத்தடியில் அம்மா தனியாக இருந்தாள். ரோட்டில் யாருமில்லை. மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோனாள், மூட்டையை அழுத்திக்கொண்டாள், குனிந்தாள். வளவன் அவளை நோக்கி ஓடினான். ஆள் வரும் அரவம் கேட்டதும் அம்மா மூட்டையை உருவிப் பானைக்குப் பின்னால் போட்டாள், முந்தானையை இழுத்துவிட்டாள், திரும்பி முகத்தைத் தூக்கிச் சிரித்தாள்.

வளவன் மறுபடி முன்னால் நடந்து போனான். மறுபடி திரும்பினான். மறுபடி ஓடினான்.

“இன்னாடா பண்ற?” என்றேன்.

“கைய எடுக்கறதுக்குள்ள கிட்ட போய்டணும்க்கா. முடியல.”

“நீதானே எழுதின. கொஞ்சம் லேட்டா எடுக்கற மாதிரி மாத்திடு.”

தலையை ஆட்டினான். கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை. “மாத்தினா அது நம்ம அம்மா இல்லக்கா.”

திரும்ப ஓடினான். அம்மா சிரித்தாள்.