ஸ்டிக்கர் உரித்த மாப்பிள்ளை

மனைவியின் கார்பன் சைக்கிளைத் துடைத்துப் பளபளவென்று வைத்து, வெளியூரிலிருந்து திரும்புகிறவளிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்ததுதான் அவன் செய்த முதல் தப்பு. துடைத்தோமா போனோமா என்று இல்லாமல், அடித்தண்டில் அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்த பழைய பந்தய ஸ்டிக்கரையும் எடுத்துவிடக் கிளம்பியது இரண்டாவது. நகத்துக்கு அது அசையவில்லை. சமையலறைக் கத்தியால் நெம்பினான். வந்தது. கூடவே, ஃப்ரேமின் மேல் கண்ணாடி போலப் பூசியிருந்த கிளியர் கோட்டும் பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தேமல் விழுந்த மாதிரி வெள்ளை.

அந்தச் சைக்கிள் படுக்கையறையில், அவள் தலைமாட்டுப் பக்கம் நிற்பது. கோபம் வந்தால் அவனை ஹாலில் படுக்கச் சொல்வாளே தவிர, அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

சைக்கிள் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"எங்கிட்ட விட்டா ஒரு வாரம் ஆகும் சார். அவசரம்னா நீங்களே பண்ணலாம். தண்ணி தொட்டு உப்புத்தாள் போடுங்க, அப்புறம் கிளியர் அடிங்க. தண்ணி வெள்ளையா வந்தா பூச்சு, கறுப்பா வந்தா கார்பன். கறுப்பைப் பாத்தா கையை எடுத்துடுங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது."

தூசியில்லாத இடம் என்று அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மாமனாரின் பல் ஆஸ்பத்திரி. ஞாயிறு விடுமுறை. ஆனால் சாவி மாமனாரிடம். மகள் முதல்முதலாக இவனைக் கூட்டிவந்து நிறுத்தியபோது, இவன் சிரித்த சிரிப்பிலேயே ரெண்டு சொத்தையைக் கண்டுபிடித்து முகம் சுளித்தவர் அவர். அன்றிலிருந்து இருவரும் பேசிய மொத்தப் பேச்சும் ஒரு பல் பிடுங்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும்.

வேறு வழியில்லாமல் அவரிடமே போய்க் கேட்டான். சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஃப்ரேமை நோயாளி நாற்காலியில் படுக்க வைத்தார்கள். மாமனார் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டி, விளக்கை இழுத்து, ஒரு கருவியின் பிடியால் தண்டு நெடுகத் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கு. பல்லு நல்லா இருக்கு, எனாமல்தான் போச்சு. எதால நோண்டினீங்க?"

"கத்தி, மாமா."

"படிச்சவர்தானே நீங்க?"

"அது வேற பாடம், மாமா."

அவன் ஈரம் தொட்டுத் தேய்த்தான். எச்சில் உறிஞ்சும் குழாயால் மாமனார் தண்ணீரை உறிஞ்சினார். பால் போல் வந்தது. வெள்ளை கரையக் கரைய, அடியில் கார்பன் நெசவு பாய் முடைந்தாற்போல் கட்டம் கட்டமாகத் தெளிந்தது. தேமல் இருந்த இடத்தில் மட்டும் கட்டங்கள் சாய்ந்து வேறு பக்கம் ஓடின. சுற்றிலும் ஒட்டுப் போட்ட விளிம்பு.

மாமனார் குனிந்தவர் நிமிரவில்லை.

"மாப்ள, இது ஏற்கெனவே அடைச்ச பல்லு."

இவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் அவள் கையில் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, ஆபீஸ் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். இவன் அந்த ஆபீசுக்கே போய்க் காச்மூச்சென்று கத்தி, மன்னிப்புக் கேட்க வைத்து, படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கவும் செய்தான். அவர்களும் பாவம், ரெண்டு பக்கமும் வைத்தார்கள்.

"சைக்கிள்லேர்ந்து விழுந்திருக்கா," என்றார் மாமனார். "தண்டே உடையற அளவுக்கு. ஒட்டுப் போட்டு, மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்கா. பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

போனை எடுத்து மகளுக்கு அழுத்தினார். இவன் பாய்ந்து பிடுங்கினான்.

"ஸ்டிக்கரை யார் எடுத்தான்னு கேப்பா, மாமா!"

"நீங்கதான்னு சொல்வேன்."

"யார் ஆஸ்பத்திரியில வெச்சுத் தேய்ச்சதுன்னு அடுத்து கேப்பா."

மாமனார் யோசித்தார். "அந்தக் கிளியர் டப்பாவை எடுங்க," என்றார்.

சுற்றிலும் தாள் ஒட்டி மறைத்தார்கள். விஷப்புகைக்கென்று வாங்கிய முகமூடியை ஆளுக்கொன்றாக மாட்டி, புகைபோக்கி விசிறியைப் போட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு அடித்தார்கள். பொறுத்து இன்னொன்று. அவன் அவசரப்பட்டபோதெல்லாம் மாமனார் கையில் தட்டினார். கடைசிப் பூச்சில் தண்டு கண்ணாடியாக மின்னியது. ஈரப் பூச்சில் இரண்டு மூஞ்சிகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. மாமனார் இவன் தோளில் கை போட்டார். போட்டதை உணர்ந்து எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கதவு திறந்தது.

"அப்பா, மிஸ்டு கால் குடுத்துட்டுப் போனை எடுக்காம, வீட்டுலயும் இல்லாம... இது என்ன நாத்தம்?" தோளில் பையோடு அவள். நாற்காலியில் கிடந்ததைப் பார்த்தாள். "என் வண்டி! யாரு அந்த ஸ்டிக்கரை எடுத்தது?"

"யாரு விழுந்தது?" என்றார் அப்பா.

அவள் பையை இறக்கி வைத்தாள். பிறகு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். இறக்கத்தில் நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தாள், வண்டியும் அவளும் வாய்க்காலில்.

"அப்பவே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"மறுநாளே வித்திருப்பேன்," என்றார் அப்பா, ஒளிவு மறைவில்லாமல்.

"நீ?"

"நாயைத் தேடிப் போயிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்டில் விரலை வைத்தாள். மின்னிய பூச்சில் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்தது.

இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். அந்தக் குடும்பத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"சரி சரி, காஞ்சதும் மறுபடி தேய்ங்க. ரெண்டு பேருக்கும்தான் கை பழகிடுச்சே," என்றாள்.

"அது கிடக்கட்டும். கையைக் காட்டு," என்றார் மாமனார்.

"ஆறிடுச்சுப்பா."

"நான் பாக்கணும்."

அவள் சட்டைக் கையை மடக்கினாள். முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. மாமனார் உருப்பெருக்கிக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போதவில்லை என்று முணுமுணுத்தார். அவன் விளக்கை இழுத்துப் பிடித்தான்.