சூரியனுக்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர்

ரகுபதி 2013ஆம் ஆண்டு சூரிய பகவானின் நேரடி வாரிசானார். ஒரகடத்து நிலம் தொழிற்சாலையாகிவிட, படப்பையில் வாடகை அறைகள் கட்டிவிட்டு ஓய்வாக இருந்தவர், இணையத்தில் வம்ச மரம் வரையும் தளம் ஒன்றில் மூன்று மாதம் உழைத்தார். உச்சியில் சூரியன், அடுத்து மனு, நடுவில் நான்கைந்து பல்லவர்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்துக்கும் ஒரு வர்மனையே நியமித்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு தலைமுறை. ஃப்ளெக்ஸ் அடித்துக் கூடத்தில் மாட்டியாயிற்று.

அவருடைய வாடகை அறையில் இருந்த தென்காசிக்காரன் நம்பிராஜன், தன்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் அவர் மகள் கவிப்பிரியாவைப் பெண் கேட்டான்.

"வம்சம் இன்னான்னு தெரியாம பொண்ணு குடுக்க முடியாதுப்பா," என்றார் ரகுபதி.

நம்பிராஜன் இரண்டு வாரம் ஓ.டி.யை விட்டுவிட்டு அதே தளத்தில் உட்கார்ந்தான். பாண்டியர்கள் வழியாக ஏறியவன், பெண் வீட்டுக்குக் குறைந்துவிடக் கூடாதென்று உச்சியில் சூரியனையே வைத்தான். உச்சியில் ஒரே சூரியன் என்பதால் தளம் இரண்டு மரங்களையும் ஒட்டவைத்தது. மகிழ்ந்துபோய்க் கலரில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கோமதியம்மாளைப் பழத்தட்டோடு அழைத்துவந்தான்.

ரகுபதி தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். முகம் இருண்டது.

"நீ நம்ம பங்காளிப்பா. கவிப்பிரியா உனக்குத் தங்கச்சி முறை."

"மாமா, அது வந்து..."

"மாமாவா? பெரியப்பான்னு கூப்டு."

"மரியாதைக்காகப் போட்டேன் மாமா. வேணும்னா சூரியனை எடுத்திருதேன். பாண்டியருக்குச் சந்திரன்தானே, அவரைப் போட்டுக்கிடுதேன்."

"பொண்ணுக்காவ வம்சத்தையே மாத்துவியா?"

கவிப்பிரியாவின் கண்கள் கலங்கின. "அப்பா, நெஜமாவே இதுக்காகவா வேணாங்கிற?"

"ரத்தம்மா. அதுல வெளையாட முடியாது."

சமையலறையிலிருந்து அவர் மனைவி கனகம் கேட்டாள்: "எல்லாரும் மனு பெத்த புள்ளைங்கன்னா நானும் உனக்குத் தங்கச்சிதான். இருபத்தாறு வருசமா நாம இன்னா பண்ணிகினு இருந்தோம்?"

யாரும் சிரிக்கவில்லை. கோமதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ வேற வம்சம்டி."

"அது இதுல எங்க கீது? காட்டு."

அவர் காட்டவில்லை. கவிப்பிரியாதான் ஃப்ளெக்ஸை நெருங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு ஆணுக்கும் பக்கத்தில் மனைவியின் பெயரைத் தளம் கேட்டிருந்தது. ரகுபதி 'தெரியவில்லை' என்ற பொத்தானை அமுக்கிக்கொண்டே இறங்கியிருந்தார். பழகிய விரல் கடைசிப் பெட்டியிலும் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள்: "ரகுபதி. மனைவி, பெயர் தெரியவில்லை."

"கைத்தப்பு கனகம். வேற அடிச்சு மாட்டிடலாம் வுடு," என்றார் ரகுபதி.

கனகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவரைப் பார்க்காமல் கோமதியம்மாள் எதிரில் நின்றாள்.

"எங்க அப்பன் பேரு ரத்தினம். ஏர் ஓட்டினாரு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"எங்க மாமனாரு மாடு மேய்ச்சவரு மதினி," என்றாள் கோமதியம்மாள். "அதுக்கு மேல எங்களுக்கும் தெரியாது."

ரகுபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. கனகம் இரண்டு கைகளையும் நீட்டிப் பழத்தட்டை வாங்கிக்கொண்டாள்.