அண்ணனுக்கு இல்லாத ஜீன்

என் அண்ணனை லிஃப்ட் கம்பெனியில் எல்லோரும் புகைபோக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு அதில் பெருமை வேறு. ஒன்றை அணைப்பதற்குள் அடுத்ததைப் பற்றவைத்துவிடுவான். அவன் நிற்கிற மெஷின் ரூமுக்குள் போனால் மோட்டார் எது, மனுஷன் எது என்று தடவித்தான் பார்க்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய நான் இன்னும் அவனுக்குக் கையாள். மேலே மெஷின் ரூமில் சுவிட்சுக்குப் பக்கத்தில் அவன் நிற்பான், கீழே லிஃப்டின் கூரை மேல் நான் நிற்பேன். கிரீஸ், அழுக்கு, இருட்டு எல்லாம் எனக்கு. நிழலும் சிகரெட்டும் அவனுக்கு.

எங்கள் அப்பாவும் இதே தொழில்தான், அவரும் ஊதித் தள்ளியவர்தான். அறுபதுகளின் நடுவில் தன் வீட்டுக் கதவு எது என்றே தெரியாமல் போனார். கடைசி வருடங்களில் அவரைக் குளிப்பாட்டியது, துடைத்தது, நடுத்தெருவில் நின்று அடம்பிடித்தபோது கெஞ்சிக் கூட்டிவந்தது எல்லாம் நான். அண்ணன் எப்போதாவது வருவான், பால்கனியில் நின்று ஊதுவான், "அப்பா நல்லாத்தானே இருக்கார், நீதான் சும்மா ஊரைக் கூட்டறே" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்பாவுக்குக் கடைசிவரை அவன் பெயர் ஞாபகம் இருந்தது. என் பெயர் இல்லை. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அவர் போன பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடினால்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டரிடம் போய், இந்த மறதி நோய் பரம்பரையாக வருமா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே, எடுங்கள் என்றேன். "தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார். நான் விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த அண்ணனும், "எனக்கும் எடுத்துடுங்க, போனாப் போகுது" என்று கையை நீட்டினான்.

முடிவு வந்தது. ஆபத்தைக் கூட்டுகிற அந்த ஜீன் எனக்கு இருந்தது. அவனுக்கு இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இருந்தா கண்டிப்பா வரும்னு அர்த்தம் இல்லை. இல்லேன்னா வரவே வராதுன்னும் அர்த்தம் இல்லை. உங்க அப்பாகிட்ட ஜீனும் இருந்திருக்கலாம், சிகரெட்டும் இருந்துச்சு. எது எவ்வளவு கெடுத்துச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. சிகரெட்டால வர்ற கெடுதல், ஜீன் இல்லாதவங்களுக்குத்தான் இன்னும் பளிச்சுன்னு தெரியுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. அதனால நீங்கதான் முதல்ல நிறுத்தணும்." இவ்வளவையும் அவர் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் காதில் ஏறியது ஒன்றே ஒன்று: உங்களுக்கு அது இல்லை.

அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்தான். "கேட்டியா? நான் சுத்தம். அப்பா சொத்துல உனக்குக் கிடைச்சது இதுதான்டா" என்று சொல்லிச் சிரித்தான். புகையை என் மூஞ்சியில்தான் விட்டான். அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன், சுற்றிலும் நோயாளிகள் நின்றார்கள்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி என்பதே இல்லை. ஸ்பேனர் ஒன்று காணாமல் போனால், "ஜீன்காரனைக் கேளு" என்பான். கம்பெனி முழுக்க அந்தப் பெயர் பரவியது. அண்ணி அதற்கு மேல் ஒரு படி. அவர்கள் வீட்டுக்குப் போனால், சாப்பிட உட்காரும்போது எல்லார் எதிரிலும், "தம்பி, மாத்திரை போட்டீங்களா, இல்ல மறந்துட்டீங்களா?" என்பாள். நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. கேட்கிற தொனியில் இரக்கம் சொட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

பிறகு நிஜமாகவே தப்புகள் நடக்க ஆரம்பித்தன. ஒரு குடியிருப்பில் வேலை முடித்துவிட்டு, லிஃப்டை வழக்கமான ஓட்டத்துக்கு மாற்றாமலே வந்துவிட்டோம். உள்ளே ஏறிய ஒரு பெரியவர் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டி, மயங்கியே விழுந்துவிட்டார். மாற்ற வேண்டியது மேலே நிற்கிறவன். ஆனால் அண்ணன், "இவன் கீழ இருந்து முடிஞ்சுதுன்னு சொல்லவே இல்லை" என்று மேனேஜரிடம் அடித்துச் சொன்னான். சொன்னேன் என்றேன் நான். மேனேஜர் இரண்டு பேரையும் பார்த்தார். யாருக்கு ஜீன் என்பது அவருக்கும் தெரியும். அவர் கண் என் மேல் வந்து நின்றுவிட்டது. இன்னொரு இடத்தில் லிஃப்ட் இறங்குகிற பள்ளத்தின் கதவு திறந்தே கிடந்தது. அதுவும் என் தலையில்தான் விழுந்தது. "இன்னும் ஒரு தடவை ஆச்சுன்னா உங்களை மேல ஏத்த மாட்டேன். குடோன்ல உக்காந்து சாமான் எடுத்துக் குடுங்க" என்றார்.

கோபப்பட்டேன், கத்தினேன், மேஜையைத் தட்டினேன். வீட்டுக்குப் போனதும் கோபம் எல்லாம் வடிந்து பயம் மட்டும் மிஞ்சியது. உண்மையிலேயே நான் சொல்லவில்லையோ? அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது, அவரும் இப்படித்தானே அடித்துப் பேசினார்? கெட்டுக்கொண்டிருப்பது என் மூளையா, அவன் வாயா என்று எனக்கே தெரியவில்லை. என் பிழைப்பு அதில்தான் தொங்கியது. நான் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன், உயிரும் அதில்தான் தொங்கியது. கதவைச் சாத்தினால் "சாத்திட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். என் மனைவி பயந்து போய்ப் பார்த்தாள்.

எங்கள் குடும்பத்துக்கு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்டின் கூரை மேல், அதை நிறுத்துகிற சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்திவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். நாங்கள் அழுத்த மாட்டோம். கீழே இருப்பவன் "ஆஃபா?" என்று கேட்பான். மேலே இருப்பவன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு "ஆஃப்!" என்பான். அவ்வளவுதான், கை வைத்துவிடலாம். அப்பா காலத்திலிருந்து அப்படி. கூடப்பிறந்தவன் குரல் கொடுத்த பிறகும் பட்டனை அழுத்தினால், உன்னை நான் நம்பவில்லை என்று முகத்தில் அடித்ததாக அர்த்தம். அண்ணனோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்த காலத்தில்கூட நான் அந்தப் பட்டனைத் தொட்டதில்லை. அவனை எவ்வளவு வெறுத்தாலும் அந்த ஒரு வார்த்தையை நம்பினேன். முட்டாள்தனம்தான், வேறென்ன.

அன்றைக்கு ஒரு பெரிய அலுவலகக் கட்டிடம். காலை நேரம், ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். லிஃப்டின் கூரை மேல் உட்கார்ந்து, கம்பிவடம் சுற்றுகிற சக்கரத்தைத் துடைக்க வேண்டும். "ஆஃபா?" என்றேன். மேலேயிருந்து கணீரென்று வந்தது: "ஆஃப்!" துணியைச் சக்கரத்துக்கும் வடத்துக்கும் நடுவில் விட்டேன்.

கீழே எவனோ லிஃப்டைக் கூப்பிடுகிற பட்டனை அழுத்தியிருக்கிறான். லிஃப்ட் இறங்கியது. துணியைச் சக்கரம் இழுத்தது, துணியோடு என் விரல்களையும் இழுத்தது. இடது கையால் சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தேன். நின்றது. வலது கையை உருவி வெளியே எடுத்தபோது இரண்டு விரல்களில் நகம் இல்லை. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் கையே இருந்திருக்காது.

எப்படி வெளியே ஏறினேன், படிக்கட்டை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. மெஷின் ரூம் கதவை உதைத்துத் திறந்தேன். மெயின் சுவிட்ச் ஆன் நிலையில் அப்படியே இருந்தது. அவன் சிகரெட்டும் கையுமாக நின்றான். பக்கத்தில் கட்டிடத்து வாட்ச்மேன்.

"கொல்லப் பாத்தியாடா என்னை?"

"என்னடா ரத்தம்?" என்றான். முகத்தில் நிஜமான பதற்றம். "நீதான் ஆஃப் பண்ணவே சொல்லலியே. வரவர உனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கறதில்ல."

"நீ ஆஃப்னு கத்தினியே!"

"நான் எப்படா கத்தினேன்?"

அந்த நொடியில்கூட, சத்தியமாகச் சொல்கிறேன், நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். வாட்ச்மேன்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "சார், இவர் கேட்டதும் எனக்குக் கேட்டுச்சு, நீங்க ஆஃப்னு சொன்னதும் கேட்டுச்சு. சொல்லிட்டு சாம்பலைத் தட்டினீங்க. சுவிட்ச் பக்கம் கை போகலை."

எல்லாம் விளங்கிவிட்டது. கேள்வி காதில் விழுந்ததும் இத்தனை வருடப் பழக்கத்தில் வாய் பதில் சொல்லிவிட்டது. கை வேலையை மறந்துவிட்டது. அப்புறம் வாய் சொன்னதையும் மூளை மறந்துவிட்டது. அந்தப் பெரியவர் லிஃப்டில் மயங்கியது, கதவு திறந்து கிடந்தது, எல்லாமே இவன். இத்தனை நாளும் ஊரே சேர்ந்து தப்பான ஆளைக் காவல் காத்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க மாட்டேன். கூடப்பிறந்தவன் மூளை கெட்டிருக்கிறது, என் விரலில் ரத்தம் சொட்டுகிறது, எனக்கோ குதிக்க வேண்டும் போல இருந்தது. நான் இல்லை! ஜீன்காரன் இல்லை!

கையில் போட்ட கட்டோடேயே அவனை அந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "உனக்குத் துணைக்கு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். டாக்டர் சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒன்றுகூட வரவில்லை. "என்ன இது, நர்சரி ஸ்கூலா?" என்று எகிறினான். ஸ்கேன் எடுத்தார்கள், மற்ற சோதனைகளும் நடந்தன. முடிவு கேட்கப் போன அன்று, மூளைக்குள் நுணுக்கமான ரத்தக் குழாய்கள் பல இடத்தில் அடைத்திருப்பதை டாக்டர் காட்டினார். சர்க்கரை நோய் இல்லை, ரத்தக் கொதிப்பும் கொஞ்சம்தான்.

"இவ்வளவு வருஷ சிகரெட்டுக்கு இதுல பெரிய பங்கு இருக்கும்" என்றார். "ஜீன் இல்லைங்கறதை அனுமதிச் சீட்டு மாதிரி எடுத்துக்கிட்டார். இனிமே இவரைத் தனியா எந்த மெஷின்கிட்டயும் விடாதீங்க. கூடவே ஆள் வேணும்." ஆள் என்று சொன்னபோது என்னைப் பார்த்தார். சந்தோஷம் அங்கேயே செத்தது. அப்பாவுக்குச் செய்தது போதாதென்று இவனும் என் தலையில்தான் விடியப் போகிறான்.

வெளியே வந்ததும் பற்றவைத்தான். பிடுங்கிக் காலால் நசுக்கினேன். இன்னொன்றை எடுத்தான். போனில் அண்ணியைக் கூப்பிட்டான்.

"நாம பயந்த மாதிரியே ஆயிடுச்சு. தம்பிக்கு ஆரம்பிச்சிடுச்சாம்" என்றான். "அவனைத் தனியா விடக்கூடாதாம். நான்தான் பாத்துக்கணும்." அப்பா செத்தபோது சொட்டுக் கண்ணீர் விடாதவன் எனக்காக விசும்பி விசும்பி அழுதான். ஆயிரம் வசவு தயாராக வைத்திருந்தேன். எதை எடுத்து வீச?

"உன்கிட்டப் பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தான்.

"தம்பி, அவர் பக்கத்துல இருக்காரா? கொஞ்சம் தள்ளி வாங்க" என்றாள் அண்ணி. தள்ளிப் போனேன். "டாக்டர் கண்டுபிடிச்சிட்டாரா?"

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும் அண்ணி?"

"ஒரு வருஷமா. அடுப்பைத் திறந்து விட்டுட்டு மறந்து போய் நின்னார். ராத்திரில என்னையே யாருன்னு கேட்டார். வேலையும் போயிட்டா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்னு..."

"நான் கூரை மேல நிக்கறேன் அண்ணி. அவன் சொல்ற ஒரு வார்த்தைய நம்பிக் கை வைக்கறேன்."

"தப்புதான். ஆனா எல்லாரும் உங்களைத்தான் சொன்னாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். உங்களுக்குத்தான் அந்த ஜீன் இருக்கே தம்பி. இன்னிக்கு இல்லேன்னாலும் எப்படியும் உங்களுக்கு வரத்தானே போகுது."

போனை வைத்தேன். அவள் கெட்ட எண்ணத்தில்கூடச் சொல்லவில்லை. கணக்கு முடிந்துபோன ஒருவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். அவளை மன்னிக்க மாட்டேன். எனக்கு என்ன மறந்து போனாலும் இது மறக்காமல் இருக்க வேண்டும்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டுப் போடாத என் இடது கையைப் பிடித்துக்கொண்டான். "திட்டினாளா? அவ கெடக்கா. நான் இருக்கற வரைக்கும் உன்னை ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது. வா, வீட்டுக்குப் போலாம்."

என்னை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தான், எங்கள் இருவர் வீடும் இருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக.