இரண்டு தக்காளித் தோட்டங்கள்

முப்பத்தொரு பிள்ளைகளையும் வரப்போரம் வரிசையாக நிறுத்தி எண்ணி முடித்த பிறகுதான் தமிழ்வாணிக்கு மூச்சு சீரானது. கே.கே. நகரிலிருந்து சமயநல்லூர் வரை வேனில் கூச்சலும் பாட்டுமாக வந்த நான்காம் வகுப்பு அது. விவசாயிகள் எப்படியெல்லாம் பயிர் செய்கிறார்கள் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் இருந்தது. படத்தைக் காட்டியே நடத்தி முடித்திருக்கலாம். நேரில் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று பிரின்சிபாலிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியவள் அவள்தான். கூட வந்தது சுபலட்சுமி டீச்சர் ஒருத்தி மட்டும்.

இயற்கை முறையில் பயிர் செய்யும் அழகுமலை தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். வாய்க்கால் தண்ணீர் பாயும் நெல், சொட்டுநீர்க் குழாய் ஓடும் கத்தரி, வைக்கோல் பரப்பி ஈரம் காத்த தக்காளி.

“இங்க மருந்தே கிடையாது பாப்பா. சாணி, கோமியம், வேப்பங்கொட்டைக் கரைசல், அம்புட்டுதான். பறிச்சு அப்படியே திங்கலாம்” என்றார்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். தமிழ்வாணியும் சிரித்துக்கொண்டே, “சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்றாள்.

ஒரு வரப்பு தள்ளி அதே தக்காளி, பக்கத்துத் தோட்டத்தில். உரம் போட்டு மருந்தடித்து வளர்க்கும் முறையையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று அதன் சொந்தக்காரர் பாண்டியராஜனிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு பையன் முந்திக்கொண்டான்.

“அங்கிள், உங்க தக்காளி விஷமா?”

“யாருய்யா சொன்னது?”

“எங்க மிஸ்தான்.”

பாண்டியராஜன் அவளைப் பார்த்தார். வகுப்பில் அந்த வார்த்தையைச் சொன்னபோது அது இப்படி ஒருவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“காய்ப்புழு விழுந்தா நாலு நாள்ல தோட்டம் காலி டீச்சர்” என்றார் அவர். “நாங்களும் இதைத்தான் திங்கிறோம். அடிச்சா, டப்பாவுல போட்டிருக்க நாள் கழிச்சுத்தான் காய் பறிப்போம்.”

அதற்குள் ரோகிணி ஓடிவந்து தமிழ்வாணியின் கையை இழுத்தாள்.

“மிஸ், அஸ்வினி அந்தப் பக்கம் போய்ப் பறிச்சுத் தின்னுட்டா.”

வரப்புக்கு அந்தப்புறம் அஸ்வினி நின்றாள். கையில் பாதித் தக்காளி. மோவாயில் சாறு வழிந்திருந்தது.

“ரெண்டும் ஒரே டேஸ்டான்னு பார்த்தேன் மிஸ். மூணுதான் சாப்பிட்டேன்.”

தமிழ்வாணி பாண்டியராஜன் பக்கம் திரும்பினாள். அவர் முகம் வெளிறியிருந்தது.

“எப்பண்ணே மருந்தடிச்சீங்க?”

“இன்னைக்குக் காலையில” என்றார். “பிள்ளைக வரப்பு தாண்டாதுன்னு நினைச்சேன்.”

தமிழ்வாணியின் அம்மா ராமக்காள் கூலிக்கு மருந்து டேங்க் சுமந்தவள். ஒருநாள் வயலிலேயே விழுந்தாள். வாயில் எச்சில் வழிய, உடம்பெல்லாம் வேர்த்து, கண்மணி கடுகாகச் சுருங்கிக் கிடந்த அந்த முகத்தைப் பத்து வயதில் பார்த்தது தமிழ்வாணிக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அவள் மண்டிபோட்டு அஸ்வினியின் கண்ணைப் பார்த்தாள். வெயிலில் யார் கண்மணியும் சுருங்கத்தான் செய்யும்; ஒன்றும் புரியவில்லை.

“உப்புத் தண்ணி கரைச்சுக் குடுத்து வாந்தி எடுக்க வைப்போம்” என்று அழகுமலை பதறினார்.

“வேண்டாம்ணே! அது இன்னும் மோசம்” என்றார் பாண்டியராஜன். “வாயைக் கொப்பளிக்க விடுங்க, கையைக் கழுவி விடுங்க. நான் டப்பாவை எடுத்துட்டு வாரேன்.”

மோட்டார் ரூமை நோக்கி ஓடினார். பிள்ளையின் வாயைக் கழுவும்போது தமிழ்வாணிக்கு ஒரு நினைப்பு குறுக்கே வந்தது: இவர் திரும்பி வராமலே போய்விட்டால்? டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, எதுவும் அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? அந்த இரண்டு நிமிடம் நகரவே இல்லை. பைக் சத்தம் கேட்டது. மஞ்சப்பையில் டப்பாவைச் சுற்றி ஹேண்டிலில் மாட்டியிருந்தார்.

மற்ற பிள்ளைகளைச் சுபலட்சுமியிடம் விட்டுவிட்டு அஸ்வினியை நடுவில் வைத்து உட்கார்ந்தாள். வேன் உள்ளே வராத மண்பாதையில் பைக் குலுங்கி ஓடியது. அஸ்வினி எச்சில் துப்பிக்கொண்டே வந்தாள். பயத்தில் துப்புகிறாளா, மருந்து வேலை செய்கிறதா?

“மிஸ், நான் செத்துருவேனா?”

“இல்லடா தங்கம். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்.”

ஏழெட்டு ஐம்பத்தாறில் பிள்ளையின் குரல் உடைந்தது. ரோட்டோர ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

டாக்டரம்மா பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தார்.

“டேங்குக்குப் பத்து மில்லின்னு போட்டிருக்கு. அவ்வளவுதானே கலந்தீங்க?”

பாண்டியராஜன் தரையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

“இல்லம்மா. இருபது ஊத்தினேன். புழு சாகலைன்னு கூட ஊத்திட்டேன்.”

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். “சொன்னது நல்லதாப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் இங்கேயே வச்சுப் பார்க்கணும்.”

மணிக்கணக்காகத் தமிழ்வாணியும் பாண்டியராஜனும் கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். அரை மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டுப் போனார். நடுவே தகவல் கேட்டு அஸ்வினியின் அப்பா வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“எவன் தோட்டம்யா அது?”

பாண்டியராஜன் முன்னால் வந்தார். அதற்குள் தமிழ்வாணி வாயைத் திறந்துவிட்டாள்.

“தப்பு என்னோடது சார். சாப்பிடுங்கன்னு சொன்ன நான், இந்த வரப்போட நிறுத்துங்கன்னு சொல்லலை. அவர் டப்பாவோட வரலைன்னா டாக்டருக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது.”

அஸ்வினியின் அப்பா அவளைத் திட்டினார். எவ்வளவு திட்டினாரோ அவ்வளவையும் நின்று கேட்டாள்.

ஐந்தரைக்கு அஸ்வினி பசிக்கிறது என்றாள். டாக்டர் மறுபடி கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒன்னும் இல்ல, கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாள் கவனிச்சுக்கங்க” என்றார். அவள் அப்பா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பாராமல் வெளியேறினார். அஸ்வினி மட்டும் கையசைத்தாள்.

தமிழ்வாணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. காலையில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தருகிறேன் என்றாள்.

“வேன் போயிருச்சே டீச்சர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விடுறேன், ஏறுங்க” என்றார் பாண்டியராஜன்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து தமிழ்வாணி உட்காரவே இல்லை. “ஒரு நிமிஷம் இருங்கண்ணே” என்று சொல்லி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் இன்ஜினை அணைத்தார். அவசரப்படுத்தவில்லை. இரண்டு படி தள்ளி அவரும் உட்கார்ந்தார்.